விரல் தெரியும் துணி

துணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னால் விரல்களை நீட்டி, "எத்தனை சார்?" என்கிறார் டெய்லர். "மூணு" என்கிறேன். "பாஸ்!" என்று துணியை மேஜையில் வீசுகிறார். கடைக்கு யார் வந்தாலும் இந்தப் பரீட்சை உண்டு. தபால்காரருக்கும் விலக்கில்லை.

ஜன்னல் திரை தைப்பது இவர் தொழில். வீட்டுக்குள் இருப்பவர்கள் தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. திரை வழியே விரல் தெரிந்தால்தான் அதிகாரி முத்திரை குத்துவார். மற்ற டெய்லர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் சிரித்தார். "ஒளிக்க ஒண்ணுமில்லன்னா திரை எதுக்குன்னு கேக்கறாங்க. வெயிலுக்குன்னு சொல்லிட்டுப் போறோம், என்ன இப்போ?"

காதில் பென்சில், கழுத்தில் டேப், உதட்டோரம் வரிசையாகக் குண்டூசி. அத்தனையையும் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார், ஒன்றுகூட விழாது. அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். பேச்சு சுவாரசியத்தில் என் கால் மிஷின் மிதியில் பட்டுவிட்டால் தொலைந்தேன். "துணியில்லாம ஓட்டாதீங்க சார்! மிஷினுக்கு ஆகாது."

கடையை ஒட்டிய அறையில் அவர் தங்கை இருக்கிறாள். அவள் கணவரை விசாரணை என்று சொல்லி அழைத்துப் போனார்கள், ஆள் திரும்பவில்லை. அப்படிப் போனவர்களுக்காக அழுவதும் குற்றம். அழுதால் அவளுக்கும் அதே கதிதான். அறையின் ஜன்னலோ தெருவைப் பார்த்தது. அவள் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். அக்கம்பக்கத்தில் நாங்களும் விதவிதமாக வெங்காயம் சாப்பிட்டோம்.

"இன்னும் எவ்வளவுதான் நறுக்கறது, அண்ணா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். டெய்லர் அன்றைக்கு யாரிடமும் விரல் காட்டவில்லை.

மறுநாள் அவளுக்கு ஒரு திரை தைத்தார். அதே மெல்லிய துணிதான். ஆனால் ஜன்னலைப் போல நாலு மடங்கு அகலம் எடுத்து, நெருக்கி நெருக்கிக் கொசுவம் வைத்தார். "சட்டம் துணியைத்தான் சொல்லுது. கொசுவத்தைப் பத்தி மூச்சு விடல" என்று கண்ணடித்தார்.

இன்று காலை அதிகாரி வந்தார். அறைக்குள் போய்த் திரையின் ஒரு மூலையை இழுத்து விரித்து, பின்னால் கையை நீட்டினார்.

"எத்தனை?"

"ரெண்டு சார்!" என்றார் டெய்லர்.

ஓரத்தில் முத்திரை விழுந்தது. அதிகாரி கடைப்பக்கம் வந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார். தங்கை தண்ணீர் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். திரைவளையங்கள் சரசரவென்று நகர்ந்தன. கொசுவங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது சுவர்தான்.

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் முதலில் ஒரு விம்மல். அடுத்தது சற்று பலமாகவே வந்தது. அதிகாரி டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

டெய்லர் ஒரே தாவலில் மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். கடையே அதிர்ந்தது.

"அப்படி என்ன அவசரம்?" என்று கத்தினார் அதிகாரி.

"ஆர்டர் குவிஞ்சு கிடக்கு சார்!"

நான் நகர்ந்து அதிகாரிக்கு மிஷினை மறைத்துக்கொண்டு நின்றேன். டெய்லர் குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே இருந்தார். ஊசிக்கு அடியில் துணி இல்லை.