ஃபிலெமோனி அழித்த வரி

ஃபிலெமோனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைக் குறிப்பு எழுதி இணையத்தில் போடுவார். மூன்று தலைப்புகள்தான்: முடிந்தது, முடியாதது, நான் கெடுத்தது. மூன்றாவதுதான் எப்போதும் நீளம். அதைப் படிப்பதற்கென்றே எங்கெங்கோ ஆட்கள் காத்திருந்தார்கள்.

பகலில் அவருக்குச் சமோவாத் தீவின் ஆப்பியா நகரத்தில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் வேலை. சாயங்கால மணி அடித்து ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறப்பார். அவர் வேலை செய்தது, மாணவர்கள் மனப்பாடம் செய்வதற்கான ஓர் இலவச மென்பொருளில். கைபேசியில் அட்டை அட்டையாக வரும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. எந்த அட்டை எப்போது மறந்துபோகும் என்று கணக்குப் போட்டு, அதற்குச் சற்று முன்னால் நீட்டும். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு வளர்த்தது. ஒட்டின்மேல் ஒட்டு விழுந்து இப்போது புதுக் கைபேசிகளில் திணறியது. ஃபிலெமோனி அதை அடியிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கணினிதான் படித்தேன். பட்டமளிப்பன்று கழுத்தில் விழுந்த மிட்டாய் மாலைகளைத் தின்று தீர்த்த பிறகு, படித்ததில் எனக்கென்று என்ன மிஞ்சியது என்று தெரியவில்லை. பொத்தான்களின் பெயர்களைச் சமோவ மொழியில் எழுதித் தரமுடியுமா என்று ஃபிலெமோனி கேட்டார். போனேன், அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

புதியதற்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து இந்த மென்பொருளை நிர்வகித்த மெரின்.

"ஒரு நர்சிங் மாணவி கையில ஒரு வாரம் குடுங்க, ஃபிலி. தாங்கினா மாறிடுவோம். இல்லன்னா பழசையே ஒட்டுப் போட்டு ஓட்டுவோம்" என்றார்.

இரண்டு வருடச் சாயங்காலங்கள் அந்த ஒரு வாரத்தில் தொங்கின. மாணவி கிடைப்பதில் சிரமமில்லை. ஃபிலெமோனியின் மனைவி சியெனிக்கு ஃபுவாத்தினோ என்றொரு தங்கை, நர்சிங் மூன்றாம் வருடம். வாரத்தின் நடுவில் ஒரு கல்யாணத்துக்காக அவள் பக்கத்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குப் பறந்தாள். இறங்கியதும் போன்.

"அத்தான், என் மூளையைத் துடைச்சுட்டீங்க."

"அதுல துடைக்க என்ன இருந்துச்சு?"

"விளையாடாதீங்க. எல்லா அட்டையும் முதல்லேர்ந்து வருது. இதயம் எந்தப் பக்கம் இருக்குன்னு என்னையே கேக்குது."

சியெனி கிழங்கு சீவுவதை நிறுத்தாமல் கேட்டாள்: "அங்க இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"இங்க வியாழன்" என்றாள் சியெனி. ஃபிலெமோனி கோக்கோ கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

பாகோ பாகோவுக்கு விமானத்தில் அரைமணி நேரம்தான். ஆனால் நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு ஓடுவதால் அங்கே எப்போதும் நேற்று. ஃபுவாத்தினோ வியாழன் காலையில் இங்கே படித்துவிட்டுப் புதன்கிழமையில் போய் இறங்கியிருந்தாள். கடைசியாகப் படித்த தேதி நாளை என்று இருப்பதைப் பார்த்த புது நிரல், கணக்கே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி எல்லா அட்டைகளையும் ஆரம்பத்துக்குத் தள்ளிவிட்டது. நல்லவேளை, அவள் படித்த கணக்கு பழைய நிரலில் பத்திரமாக இருந்தது.

"அடிலெய்டுலேர்ந்து யாரு பாகோ பாகோ போகப்போறாங்க? சத்தமில்லாம சரிபண்ணிடலாமே" என்றேன். எவ்வளவு சுலபமாக அது என் வாயில் வந்தது.

"அப்ப மூணாவது தலைப்பு எதுக்கு?" என்றார் ஃபிலெமோனி.

பழைய நிரல் இதை எப்படிச் சமாளித்தது என்று தேடினேன். ஒரே ஒரு வரி: கடைசியாகப் படித்த தேதி இன்றைய தேதியைத் தாண்டியிருந்தால் எதையும் தொடாதே, காத்திரு. அதை ஃபிலெமோனியே புது நிரலில் சேர்க்காமல் அழித்திருந்தார். அப்போதைய குறிப்பில், 'முடிந்தது' தலைப்பின் கீழ், 'நாளைக்குப் படித்தவன் எவனாவது உண்டா? எந்த முட்டாள் எழுதினானோ, எடுத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். எழுதியவர் பெயர் ஒவ்வொரு வரியோடும் பதிவாகியிருக்கும். பார்த்தேன். கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

"யாரு அந்த முட்டாள்?" சியெனி எட்டிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் ஃபிலெமோனி. "காலேஜ்ல இருந்தப்போ. நம்ம நாடே தேதிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மாறறதுக்காக ஒரு வெள்ளிக்கிழமையைத் தாண்டிக் குதிச்சுதே, அந்த வருஷம். இதுல நான் எழுதின முதல் வரி."

"கல்யாண நாளை மறந்தப்போ சும்மா விட்டேன். இப்ப நாட்டையே மறந்தாச்சு."

அந்த வாரக் குறிப்பில் அத்தனையும் வந்தது. மெரின் போனில் கூப்பிட்டு முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"சொந்த வரியையே அடையாளம் தெரியல. மத்தவங்க வரியில என்னென்ன தூக்கிப் போட்டீங்க, ஃபிலி?"

"தெரியல. ஒவ்வொண்ணையும் ஏன் எழுதினாங்கன்னு கேட்டு, அதுக்கொரு சோதனை எழுதணும். வைமோவானா எழுதுவா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையாட்டினேன், மெரினுக்குத் தெரியாதே என்று உறைத்ததும், "எழுதறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நல்லது. அந்தப் பொண்ணு திரும்பி வரட்டும். போறப்ப உடைஞ்சுது. வர்றப்ப உடையலன்னா பேசலாம்."

திருத்திய நிரலையும் பழைய கணக்கையும் ஃபுவாத்தினோவுக்கு அனுப்பினோம். அடுத்த சனிக்கிழமை விமான நிலைய வாசலில் மூன்று பேரும் நின்றோம். கல்யாணப் பலகாரப் பெட்டியோடு வெளியே வந்தவள், வணக்கம்கூடச் சொல்லாமல் கைபேசியைத் திறந்தாள். முகம் சுருங்கியது.

"என்ன அத்தான் அநியாயம் இது? காலையிலதான் வெள்ளிக்கிழமை அட்டையெல்லாம் முடிச்சேன். அரைமணி நேரம் பறந்து வந்தா சனிக்கிழமை அட்டை வந்து நிக்குது."

"எல்லாமே புதுசுன்னு காட்டுதா?"

"இல்ல. எனக்கு மறந்துபோனதா பார்த்துப் பொறுக்கி வெச்சிருக்கு."

"அப்ப படி" என்று சொல்லி ஃபிலெமோனி பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

கடலோரமாகப் போகும்போது மெரினுக்குச் செய்தி தட்டினேன். 'வைமோவானா சோதனைகளை எழுதி முடித்ததும் மாறுகிறோம்' என்று பதில் வந்தது. உரக்க வாசித்துக் காட்டினேன். ஃபிலெமோனி தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். சாலையோரப் பன்றி ஒன்று திரும்பிப் பார்த்தது.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் பின்னிருக்கையிலிருந்து ஃபுவாத்தினோ. "இங்க ஒருத்தி படிச்சுக்கிட்டிருக்கா."