இடப்பக்கம் சுற்றிய கம்பி

இன்று நம்ம ரேடியோ கடைக்காரர் குழாயில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்ற முயன்றுகொண்டிருந்தார்.

“என்னண்ணே, முறுக்கு சுத்துறீங்களா?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவர் மகன் கணக்குப் போட்டுக் கொடுத்த ஏரியலாம். வானத்தில் விட்டிருக்கிற செயற்கைக்கோளின் அலை இடப்பக்கமாகச் சுழன்று வருகிறதாம். கம்பியையும் இடமாகச் சுற்றினால்தான் சத்தம் கேட்குமாம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கேட்க வேண்டும் என்றானாம்.

“சுடுகாட்லதாங்க இடமா சுத்துவாங்க. புள்ள அங்க கெடக்குறப்ப வேணாங்க,” என்று அழுதார் அவர் மனைவி.

“நீ சுத்துப்பா. எனக்குக் கை வரல,” என்று கடைக்காரர் கம்பியை என்னிடம் நீட்டினார்.

சுற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அலைக்கு இடம் வலம் உண்டாம். நாம் வலமாகவே சுற்றி வருகிற அண்ணாமலையாருக்கும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.