டீ ஊழியம்

எங்கள் சபையில் கர்த்தர் அழைத்தால் எழுந்து நிற்க வேண்டும். உபவாசக் கூட்டத்தின் கடைசியில், மதியம் மூன்று மணிவாக்கில் அது நடக்கும். அது முடிந்ததும் உபவாசம் முடிக்க டீயும் பன்னும் கொடுப்பார்கள். அழைப்புக்கும் டீக்கும் நடுவே பத்து நிமிடம்தான். என் கதை அந்தப் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. இரும்புலியூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால்தான் சபை. எனக்கு இருபத்திரண்டு வயது, சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்தச் சனிக்கிழமை பாஸ்டர் ஐயா எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். முழுநேர ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம் என்றார். எனக்குப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்ற ஆசை ஏழெட்டு வருடமாக உள்ளே இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். கண்களைத்தான் எல்லோரும் மூடியிருக்கிறார்களே என்று எழுந்து நின்றேன்.

“ஒரு தம்பி எழுந்திருக்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார் பாஸ்டர், ஆண்கள் பக்கம் பார்த்து. நான் நின்ற பெண்கள் பாய் பக்கம் அவர் பார்வை வரவில்லை. அந்த ஹாலில் கண்ணைத் திறந்து வைத்திருந்த இன்னோர் ஆள், சபைக்கு டீ போடும் அக்கா, மணி பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்தார்.

“இன்னா, டீக்குதானே எழுந்துகினே? வா வா, கிளாஸ் கழுவணும், பால் பொங்கினு கீது.”

இல்லை அக்கா, நான் தேவனுக்காக எழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பால் பொங்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனேன். அறுபது கிளாஸ் கழுவினேன்.

மறுநாள் பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். வேதாகமப் பள்ளியில் சேர அவருடைய சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றும் சொன்னேன். மனிதர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

“ரொம்ப நல்லதும்மா. அப்ப ஒரு ஊழியக்காரருக்கே உன்னைக் குடுத்துடலாம்னு அப்பா கிட்ட பேசறேன்.”

“எனக்கு ஊழியம் செய்யணும் ஐயா.”

“செய்யலாமே. ஊழியத்துல பெரிசு சின்னது கெடையாது. டீ ஊழியத்துக்கு ஆள் பத்தல.”

இப்படித்தான் என் ஊழியத்துக்குப் பெயர் வைக்கப்பட்டது. எங்கள் சபையில் எல்லாமே ஊழியம். பாய் விரிப்பது பாய் ஊழியம், செருப்பை வரிசையாக வைப்பது வாசல் ஊழியம். மைக் மட்டும் ஊழியம் என்ற அடைமொழி இல்லாமலே ஆண்களிடம் இருந்தது.

அன்று எழுந்த தம்பி கடிதம் வாங்கிக்கொண்டு வேதாகமப் பள்ளிக்குப் போனான். மூன்று வருடம் கழித்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். ஆமாம், போனவன் வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சபைக்குப் பாஸ்டர். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

டீ அக்கா மகளோடு அனகாபுத்தூருக்குப் போய்விட, ஞாயிறு டீயும் சேர்த்து அடுப்பு முழுக்க என்னுடையதானது. பிரசங்கம் சமையல் ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்கும். கேட்டுக்கொண்டே மனதுக்குள் திருத்துவேன். இங்கே நிறுத்தியிருக்கலாம், இந்த உதாரணம் போன மாதம் சொன்னது. கம்பெனியில் வீணாகும் பேக்கிங் சீட்டுகளின் பின்பக்கத்தில் என் பிரசங்கங்களை எழுதி வைத்தேன். பத்து வருடத்தில் ஒரு பெட்டி நிறைந்தது. கேட்க ஆள்தான் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொங்கல் முடிந்த ஞாயிறு. பாஸ்டர் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்தச் செங்கல்பட்டு பாஸ்டர்தான் செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து திரும்புகிற அத்தனை பஸ்ஸும் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றுவிட்ட நாள் அது, அவரும் அதில் மாட்டிக்கொண்டார். நாலு பாட்டு பாடி, அதில் இரண்டை மறுபடியும் பாடியாயிற்று. சபைச் செயலாளர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சமையல் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“அவர் வர்ற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்றியாம்மா?”

எங்களிடம் ஆண் பேசினால் செய்தி, பெண் பேசினால் சாட்சி. கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வேதாகமத்தில் கிணற்றடிக்குத் தண்ணீர் மொள்ள வந்து கர்த்தரைச் சந்தித்த பெண், குடத்தை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல ஊருக்குள் ஓடியதைப் பற்றிப் பேசினேன். அவள் சொன்னது சாட்சியா செய்தியா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, கிளம்பி வந்துவிட்டார்கள் என்றேன். ஐந்து நிமிடம் நாற்பது ஆனது. முன்பாயில் இரண்டு பெண்கள் அழுதார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

முடித்தபோது செங்கல்பட்டு பாஸ்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. செயலாளர் மைக்கைப் பிடித்து, “சாட்சிக்கு நன்றி, இப்போ செய்தி” என்றார். செங்கல்பட்டுக்காரர் எழுந்து வந்தார்.

“செய்தி ஆயிடுச்சு பிரதர்” என்று சொல்லி, ஜெபம் செய்து கூட்டத்தை முடித்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் ஆராதனை ரிஜிஸ்டரை எழுத உட்கார்ந்தார். நான் எதிரே நின்று பார்த்தேன். ரயில்வே கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். சாட்சி என்ற கட்டத்தில் ‘ஒரு சகோதரி’ என்று எழுதினார். செய்தி என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, ‘இல்லை’ என்று எழுதினார். பத்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு டீ கேட்பவர். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

பேனாவை வாங்கினேன். ‘இல்லை’யை அடித்துவிட்டு, பக்கத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். செயலாளர் அந்தப் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோபிக்கவில்லை. வழக்கமானதைக் கேட்டார்.

“டீ இன்னும் வரலியேம்மா?”

“இன்னிக்கி நான் செய்தி குடுத்திருக்கேன் சார். நீங்க போடுங்க.”

செங்கல்பட்டு பாஸ்டர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனார், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கால் மணி கழித்து ஒரு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். முழுவதையும் குடித்தேன்.