தரவைக்குள் இறங்கிய பிக்கப்

எங்கள் பிக்கப்புக்குப் பின் சில்லுகள் இரண்டும்தான் இழுக்கும். வாங்கிய அன்றே என் கணவர் அதைச் சொல்லிவிட்டார். தார் றோட்டில் ஓடுவதற்கு இதைவிட நல்ல வாகனம் இல்லை, ஆனால் சேற்றுக்குள் இறக்கினால் அசையாமல் நின்றுவிடும் என்றார். சேற்றுக்குள் இறக்குவதற்கு என்று நாங்கள் அதை வாங்கவும் இல்லை. விடியப்புறம் ஊர்காவற்றுறையில் மீன் ஏற்றி யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோவார். மத்தியானத்துக்குப் பிறகு விறகு, சீமெந்து, கலியாண வீட்டுக் கதிரைகள் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார்.

மாடுகள் என் பக்கத்தால் வந்தவை. கலியாணத்தோடு வந்த ஒரு பசுவில் தொடங்கிப் பட்டியாகப் பெருகியிருந்தன. ஊர் மாடுகள்தான். சிறிய உடம்பு, கொஞ்சப் பால். ஆனால் அந்தப் பாலில்தான் எங்கள் வீட்டின் பாதிச் செலவு போனது. மாரி தொடங்கி வயல்களில் நெல் எழும்பிவிட்டால் எங்கள் ஊரான வேலணையில் மாடுகளை வீட்டோடு வைத்து மேய்க்க முடியாது. ஊருக்குத் தெற்கே கடற்கரை வரைக்கும் ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி கிடக்கிறது. அதைத் தரவை என்போம். அறுவடை முடியும் வரை எல்லாருடைய மாடுகளும் அங்கேதான் நிற்கும். கம்பு நட்டுக் கம்பி இழுத்த பட்டிகள். கூரை கிடையாது. கூரை வேண்டுமென்று யாரும் நினைத்ததும் இல்லை. மாரி மழையில் நனைந்து நிற்பது மாடுகளுக்குப் பழக்கம்தான்.

அந்த வருட மழை வேறு மாதிரி இருந்தது. புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். மழை தொடங்கியது, இரவும் பகலும் விடாமல் பெய்தது. மழையை நான் பொருட்படுத்தவில்லை. பிறகு வாடைக்காற்று எழும்பியது. அப்படி ஒரு குளிரை எங்கள் தீவில் நான் அறிந்ததில்லை. வீட்டுக்குள் இரண்டு சட்டை போட்டும் பல் கிட்டியது. அடுப்படியில் இருந்து நெருப்பில் கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாடுகளின் எண்ணம் எனக்கு முள்ளாகக் குத்தத் தொடங்கியது. நடந்துபோய்ப் பார்த்துவருகிறேன் என்று குடையை எடுத்தேன். வாய்க்கால் நிரம்பி ஒழுங்கைக்கு மேலால் ஓடுகிறது, இழுத்துக்கொண்டு போய்விடும் என்று கணவர் மறித்துவிட்டார்.

அடுத்த நாள் காலை போன் வந்தது. தரவைக்கு அப்பால் கடற்கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்கிற மீன்பிடிக்கார அண்ணை ஒருவர். என் கணவர் அவரிடமும் மீன் எடுப்பார். கரையில் இழுத்து வைத்த படகைப் பார்க்கப் போனவர், வழியில் எங்கள் பட்டியையும் பார்த்திருக்கிறார்.

“தங்கச்சி, உங்கடை மாடுகள் படுத்திட்டுது. தட்டிப் பாத்தனான், எழும்புதில்லை. சிலது முடிஞ்சுது போலை கிடக்கு. ஏதும் செய்யிறதெண்டா இண்டைக்கே செய்யுங்கோ.”

நாரந்தனையில் ஒருவரிடம் பெரிய உழவு இயந்திரம் இருக்கிறது. கணவர் அவருக்குப் போன் எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருடைய மனைவி எடுத்து, றோட்டில் விழுந்த மரங்களை இழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள், எப்போது திரும்புமென்று தெரியாது என்றார். இவர் போனை வைத்துவிட்டு வாசலில் நின்று பிக்கப்பைப் பார்த்தார். மழைக்குள் இறங்கிப்போய், இடிந்துகிடந்த மதில் கற்களைத் தூக்கிப் பின் சில்லுகளுக்கு மேலாக வரும்படி ஏற்றத் தொடங்கினார். பின்பக்கம் பாரம் இல்லாவிட்டால் சில்லு சும்மா சுற்றுமாம். பிறகு நாலு ரயர்களிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டார். கலியாணத்துக்கு முன் வன்னியில் லொறி ஓட்டியவர். சேறு அவருக்குப் புதிதில்லை.

நான் வைக்கோல் கட்டுகளையும் சாக்குகளையும் மழைக்கு மூடுகிற ஒரு பெரிய படங்கையும் ஏற்றினேன். மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கானில் ஊற்றிப் பழைய சேலையொன்றால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். படங்கைக் காற்றுக்கு மறைப்பாகக் கட்டுவது, சூடாகக் குடிக்கக் கொடுப்பது, சாக்கால் உடம்பைத் தேய்த்துவிடுவது, கன்றுகளை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது. வழியில் இதைத்தான் பேசிக்கொண்டு போனோம். பேசும்போது எல்லாம் செய்யக்கூடிய காரியங்களாகவே இருந்தன.

கொங்கிறீற்று ஒழுங்கை முடிந்து கிரவல் பாதையும் முடிந்த இடத்தில் கடைசிப் பனைகள் நிற்கின்றன. அங்கே இவர் வாகனத்தை நிறுத்தி இறங்கினார். முன்னால் ஒரே தண்ணீர். புல் நுனிகள் அங்கங்கே மேலே தெரிந்தன. அதற்கு அங்கால் கடலா தரவையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“நீர் முன்னுக்கு நடவும்” என்றார். “புல்லு நிக்கிற இடமாப் பாத்துக் காலை வையும். புதைஞ்சா எந்தப் பக்கம் திருப்பிறதெண்டு கையைக் காட்டும். நான் நிப்பாட்ட மாட்டன். நிப்பாட்டினா தாழ்ந்திடும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். புல் இருந்த இடத்தில் நிலம் இறுகி இருந்தது. புல் இல்லாமல் வழவழவென்று கிடந்த இடத்தில் கால் வைத்தவுடன் களி விரல்களுக்கிடையால் மேலே வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சீக்கிரமே என் பாதத்துக்குப் பிடிபட்டுவிட்டது. பின்னால் இஞ்சின் உறுமிக்கொண்டு வந்தது. ஆளும் வாகனமும் எவ்வளவு கிட்ட வருகின்றன என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. மழை ஊசி மாதிரி முகத்தில் அடித்தது. இடது கை, வலது கை என்று காட்டிக்கொண்டே நடந்தேன், ஓடினேன். அந்தச் சிறிது நேரம் எனக்கு நம்பிக்கை இருந்தது. இப்படியே போய்விடலாம் என்று மனதாரவே நினைத்தேன். பட்டிக் கம்புகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன.

அந்தக் கம்புகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. யாரும் வெட்டிய வாய்க்கால் இல்லை. மழைத் தண்ணீர் கடலுக்கு இறங்கி இறங்கித் தானாக அறுத்த வழி. தண்ணீர் மூடிக்கிடந்ததால் தெரியவில்லை. வைத்த கால் முழங்கால் வரை போனது. வலது கையைத் தூக்கினேன். இவர் வெட்டித் திருப்பினார். திரும்பும்போது பின் சில்லு ஒன்று புல்லிலிருந்து வழுக்கியது. இஞ்சின் சத்தம் ஒரேயடியாக உயர்ந்தது. வாகனம் மட்டும் அசையவில்லை.

மண்வெட்டியால் இவர் ஒரு பக்கமும் கைகளால் நான் மறுபக்கமும் களியை அள்ளினோம். அள்ள அள்ளத் தண்ணீரோடு வழிந்து திரும்பவும் நிரம்பியது. பலகை வைத்து அதற்கு மேல் ஜக் வைத்து வாகனத்தைத் தூக்கப் பார்த்தார். பிக்கப் எழும்பவில்லை, பலகைதான் கீழே போனது. கற்களை இறக்கிச் சில்லுகளுக்கு அடியில் போட்டோம். ஒவ்வொன்றாக எங்கே போயின என்று தெரியாமல் போயின. பனைமட்டை இருந்தால் வைக்கலாம், பனைகளோ எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்றன. இவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“வைக்கலைப் போடுவம்.”

மாடுகளுக்கென்று கொண்டுவந்த வைக்கோல். கட்டுகளை அவிழ்த்துச் சில்லுகளுக்கு முன்னால் பரப்பினேன், சாக்குகளையும் அதற்கு மேல் விரித்தேன். இவர் ஏறி மெதுவாகக் கியரைப் போட்டார். நான் பின்னால் நின்று தள்ளினேன். வாயெல்லாம் சேறு. பிக்கப் முனகிக்கொண்டு எழும்பி, வைக்கோலில் ஏறி, ஒரு வாகன நீளம் முன்னால் போனது. சில்லு புல்லைப் பிடித்ததைப் பார்த்து நான் கத்தினேன். அதற்குள் பள்ளத்தின் கரை பாறி விழுந்தது. வாகனம் பின்பக்கமாகவே வழுக்கி, பின்பகுதி பள்ளத்துக்குள்ளும் முகம் வானத்துக்குமாக நின்றது. பின் சில்லுகள் இரண்டும் தண்ணீருக்கடியில் மறைந்துவிட்டன. இழுக்கிற சில்லுகள் அவைதான்.

இவர் இஞ்சினை நிறுத்தினார். பிறகு இறங்கிப் படங்கைத் தோளில் போட்டார். நான் கானையும் சேற்றிலிருந்து பொறுக்கிய இரண்டு சாக்குகளையும் எடுத்தேன். மிச்சத் தூரத்தை நடந்தோம்.

மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. தூரத்தில் பார்க்க எல்லாம் உயிரோடு இருப்பது போலவே இருந்தது. கிட்டப் போனதும் வேறுபாடு தெரிந்தது. திறந்திருந்த கண்களுக்குள் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தவற்றின் காதுகளைத் தொட்டேன். அவையும் செத்தவற்றின் காதுகள் போலக் குளிர்ந்திருந்தன. மூச்சு மட்டும் இருந்தது.

படங்கைக் கட்டப் பார்த்தோம். காற்று அதை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக் கம்பியில் அடித்துக் கிழித்தது. கானில் இருந்த தண்ணீர் வெதுவெதுப்புக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்து ஊற்றினால் ஒன்றே ஒன்று விழுங்கியது. மற்றவற்றுக்கு உள்ளே போனது வெளியே வழிந்தது. பட்டியில் முன்னுக்கு நடக்கிற சிவலைப் பசுவை எழுப்பினால் மற்றவையும் எழும்பும் என்று எனக்கு ஒரு எண்ணம். இவர் வாலைப் பிடித்தார். நான் தோளைக் கொடுத்து நெஞ்சுக்குக் கீழால் தூக்கினேன். பின்னங்கால் இரண்டையும் ஊன்றியது. ஒரு கணம் நின்றது. பிறகு என் மேல் சரிந்தது. மெதுவாக, என்னை நோகப்பண்ணாமல் படுப்பது போலச் சரிந்தது. அதற்குப் பிறகு அது தலையைத் தூக்கவில்லை.

வெள்ளை முகமுள்ள ஒரு கன்று தாயின் வயிற்றோடு தலையை வைத்துப் படுத்திருந்தது. தாய் செத்துவிட்டது, கன்றுக்கு உயிர் இருந்தது. இவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பிக்கப்புக்கு நடந்தார். சீற்றில் ஏற்றினோம். நான் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கானைச் சுற்றியிருந்து சீற்றிலே விட்டுப்போன, காய்ந்த துணி என்று மிஞ்சியிருந்த சேலையால் அதைத் தேய்த்தேன். இவர் இஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினார். அந்தச் சூடு உள்ளே வரும் என்று நினைத்தார். பின்னால் தண்ணீருக்குள் தாழ்ந்திருந்த புகைக்குழாய் கொப்பளித்தது. கொஞ்ச நேரம் ஓடியது, கால்களில் சூடு பட்டது. பிறகு இஞ்சின் இருமி நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பற்றவில்லை.

கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு ஆவியாகப் படிந்திருந்தது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடும். அது போயிட்டுது.”

இருட்ட முன்னம் வீட்டுக்கு நடந்து வந்துசேர்ந்தோம்.

மழை விட்டு வெயில் எறித்தபோது தரவை முழுக்கச் செத்த மாடுகள் கிடந்தன. எங்களுடையவை மட்டுமல்ல, ஊர் முழுவதினதும். புதைக்கக் கிடங்கு வெட்டுகிற பெரிய இயந்திரத்தால் சேற்றுக்குள் இறங்க முடியவில்லை. கையால் வெட்டினால் இரண்டு மண்வெட்டு ஆழத்தில் தண்ணீர் வந்தது. கடைசியில் அந்த மீன்பிடிக்கார அண்ணையும் அவருடைய மனைவியும் வந்து உதவி செய்ய, கடற்கரை மணல் திட்டிக்கு இழுத்துப்போய்த் தாட்டோம். எங்கள் பட்டியில் தப்பியது ஒரு கறுப்புப் பசு. அது யாருடைய உதவியும் இல்லாமல் தானாக நடந்து வீட்டுப் படலைக்கு வந்து நின்றது. சினையாக இருந்தது. பிறகு அந்தக் கன்றையும் வயிற்றிலேயே கரைத்துவிட்டது. அடுத்த கோடையில் அதை விலைக்குக் கொடுத்துவிட்டோம்.

பிக்கப்பைத் தண்ணீர் வற்றிய பிறகு உழவு இயந்திரத்தால் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கடல் தண்ணீர் பள்ளத்தால் ஏறி அதன் அடிப்பகுதியை ஊறவைத்திருந்தது. பிறேக் போனது, வயர்கள் போயின, தகடு உள்ளாலே உக்கத் தொடங்கியது. இவர் ஒவ்வொன்றாகத் திருத்தித் திரும்ப ஓடவைத்தார். ஊரில் சிலர் நேரத்தோடு மாடுகளைக் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். சிலர், இந்த வாகனத்தை யாராவது தரவைக்குள் இறக்குவார்களா என்று கேட்டார்கள். இரண்டையும் இவர் வாகனத்துக்கடியில் படுத்துத் திருத்திக்கொண்டே கேட்டார்.

அடுத்த மாரிக்கு மறுபடியும் புயல் என்றார்கள். மழை இன்னும் தொடங்கவில்லை, வானம் மட்டும் இருண்டிருந்தது. அந்த அண்ணை சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்றார். கடல் ஏறினால் வாடியைக் கொண்டுபோய்விடும், அதற்கு முன் பிக்கப்பில் சாமான்களை ஏற்றவேண்டும் என்றார்.

“படகு இஞ்சினையும் வலையளையும் ஏத்தி வந்தாக் காணும், தம்பி. தரை இன்னும் காஞ்சுதான் கிடக்கு.”

இவர் கழுவிக்கொண்டிருந்த மீன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஏலாது, அண்ணை.”

அண்ணை காரணம் கேட்கவில்லை. “ஓம், விளங்குது” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று நான் குசினி வாசலில் நின்று சொன்னேன். பிறகு வாறன் என்றார். தரை காய்ந்துதான் இருந்தது என்பது என் கணவருக்கும் தெரியும்.

இஞ்சினை அந்த அண்ணையும் மனைவியும் தடியில் கட்டித் தோளில் சுமந்து வந்துவிட்டார்கள். வலைகளுக்குத் திரும்பிப் போக முடியாதபடி தண்ணீர் ஏறிவிட்டது.

இப்போதும் இவர் அவரிடம் மீன் எடுக்கிறார். இருவரும் மீனைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசுகிறார்கள். முன்பெல்லாம் கோடையில் வாடி வாசல் வரைக்கும் பிக்கப்பைக் கொண்டுபோவார். இப்போது கொங்கிறீற்று முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு இறங்காமல் இருக்கிறார். அந்த அண்ணை பெட்டிகளைத் தலையில் வைத்துத் தரவையைக் கடந்து நடந்து வருகிறார்.