தலைக்கு இல்லாத மல்லி

இன்று சாயங்காலம், டோல்கேட் பூக்கடை. எனக்கு முன்னால் ஒரு மாமியார். பக்கத்தில் கைக்குழந்தையோடு மருமகள். புடவை மார்பில் உரசாமல் விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"உதிரி மல்லி குடு. கட்டுனது வாணாம்."

"சாமிக்கா?" என்றார் பூக்காரம்மா.

"இவளுக்கு. மாரு செவந்து கல்லு மாரி கீது, ஜொரம் வேற. பாலு கெட்டுப்பூட்ச்சு. பூவ மாருல வெச்சுக் கட்டுனா பாலு வத்திடும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்கும் இப்படி வந்துச்சும்மா. பால் கெடல, கட்டிக்கிச்சு. குடுக்கறத நிறுத்துனா சீழ் புடிச்சிடும். டாக்டர் மாத்திரையும் குடுத்து, பாலும் குடுக்கச் சொன்னாங்க. இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"மூணு பெத்தவ நானு. உன் வேலையப் பாத்துகினு போம்மா."

மருமகளைப் பார்த்தேன்.

"வலி நின்னா போதும்க்கா," என்றாள்.

குழந்தை பாலுக்கு அழுதது. ஷேர் ஆட்டோ வந்ததும் பூப்பொட்டலத்தோடு ஏறிப் போய்விட்டார்கள்.

"உனுக்கு எத்தினி மொழம்?" என்றார் பூக்காரம்மா. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

வீட்டில் கணவர் கேட்கிறார்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூ வாங்காமலா வந்தே?"

மல்லி தலைக்கும் சாமிக்கும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர். உங்கள் வீட்டு ஆண்களுக்காவது தெரியுமா?