கொடுத்ததைத் திரும்பக் கேட்டவள்

நிவித்திகலப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் பரிமளத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அதுவா? அது வாய் இருக்கே..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் அவள் எப்போதோ மண்ணாகிப் போயிருப்பாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். புருஷன் செத்த பிறகு, "பொம்பளைக்கு மேட்டு மலை வேணாம்" என்று கங்காணி சொன்னார். "மரம் என்னைப் பொம்பளையான்னு கேக்குதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டு மலைக்கே பால் வெட்ட ஏறியவள் அவள்.

ஊரை எதிர்க்க முடிந்தவளுக்குத் தூக்கத்தை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. பால்வெட்டுக்கு விடியும் முன்னே எழும்ப வேண்டும். எழும்ப வேண்டுமே என்ற கவலையிலேயே கண் மூடாது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் சுதர்சினி இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, அனுப்பிய சாமான் பெட்டியில் தூக்கம் வர வைக்கும் மெலடோனின் போத்தல் ஒன்றையும் வைத்திருந்தாள். உள்ளே இருந்தது அசல் சிவப்பு ஜெலி டொபி மாதிரியே இருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வெளிநாட்டுப் பெட்டி பிரித்தால் எல்லா வீட்டுக்கும் பங்கு போயாக வேண்டும். சவர்க்காரக் கட்டி குறைந்தால் நூல் போட்டு அறுத்தாவது கொடுப்பார்கள். பரிமளமும் ஜெலியைப் பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டி, "தூக்கத்துக்கு நல்லதாம்" என்று வீடு வீடாகக் கொடுத்தாள். மருந்து லயம் முழுக்கப் போனது. அதை எப்படிச் சாப்பிட வேண்டும், யார் தொடவே கூடாது என்று எழுதியிருந்த போத்தல் அவள் வீட்டிலேயே நின்றுவிட்டது.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா வீடு சின்னம்மா என்பவளுடையது. பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்த சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சுவரில் ஆணி அடித்தால்கூட இவள் வீட்டுச் சட்டி ஆடும் நெருக்கம். முகம் பார்ப்பதுதான் இல்லை. அந்தச் சின்னம்மா பொட்டலத்தை வாங்கிச் சிரித்தாள். "உள்ள வாங்கக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். பரிமளத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவள் ஜெலியைத் தொடவே இல்லை, அந்தத் தேத்தண்ணியே அவளைத் தூங்க வைத்தது.

மறுநாள் பின்னேரம் மகள் குவைத்திலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, நீங்க பிரஷருக்குக் குளிசை போடுறீங்கல்ல? டொக்டர்ட்ட கேக்காம நான் அனுப்பின ஜெலியைத் தொடாதீங்க."

"டொபி மாதிரி தானடி இருந்திச்சு. எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

"எல்லாருக்குமா? ஐயோ அம்மா, அது மருந்து! சின்னப் புள்ளைகளுக்கு டொக்டர் சொல்லாம குடுக்கக் கூடாது. வலிப்புக்கு மருந்து எடுக்கிறவங்களும் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

பரிமளம் அடுத்த வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சின்னம்மாவின் நாலு வயது மகள் துஷாந்தினி வலிப்புக்குத்தான் பாணி மருந்து குடிக்கிறாள்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பவளை லயம் லேசில் மன்னிக்காது. நேற்றுத் திறந்த கதவு இன்றைக்கே அடைபடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

"சின்னம்மா, அந்தப் பொட்டலத்தைக் குடு."

"என்னக்கா, நேத்துக் குடுத்திட்டு இன்னைக்குப் புடுங்குறீங்க? மனசு பொறுக்கலியா?"

"புள்ளைக்குக் குடுத்தியா?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு குடுத்தேன். ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுப் பாடாப் படுத்துறா. இப்பதான் அசந்து தூங்குறா."

"எழுப்பு."

"மாட்டேன்."

பரிமளம் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை கண்ணைப் பாதி திறந்தாள், மறுபடி கண் சொருகிப் படுத்துவிட்டாள். சின்னம்மாவின் புருஷன் பிரதாப் எகிறிக்கொண்டு வந்தான். "நீ குடுத்ததாலதானே இந்தக் கூத்து! வெளிய போ!"

"ஆமா, நாந்தான் குடுத்தேன். அதனாலதான் போகமாட்டேன். த்ரீவீலைக் கூப்பிடு!"

அவன் அசையவில்லை. அவளே வாசலில் நின்று கத்திய கத்தலில் லயத்துச் சுந்தரலிங்கம் தன் த்ரீவீல் ஆட்டோவோடு வந்து நின்றான். வழியில் பிள்ளை சின்னம்மாவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். சின்னம்மா அழுதாள். பரிமளத்தை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டபோது சின்னம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பரிமளம் போத்தலை மேசையில் வைத்து, தான் கொடுத்தது, இரண்டு, மத்தியானத்துக்குப் பிறகு என்று சிங்களத்திலேயே சொன்னாள். டொக்டர் திட்டினார். வாங்கிக்கொண்டாள். பிள்ளையை வார்டில் வைத்துப் பார்ப்போம் என்றார். திட்டி முடிந்ததும், வந்ததுதான் வந்தோம் என்று மடியிலிருந்த தன்னுடைய பிரஷர் குளிசையையும் எடுத்துக் காட்டி, தூக்கம் வராததையும் பரிமளம் சொன்னாள். முதலில் பிளேன்டித் தேத்தண்ணியைப் பின்னேரத்தோடு நிறுத்து, கிளினிக்குக்கு வா, அதற்குப் பிறகும் தூக்க மருந்து தேவை என்றால் மிகக் குறைந்த அளவு, படுப்பதற்கு முன், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றார். காலையில் தலை கிறங்கினால் வெட்டுக்கத்தியைத் தொடாதே என்றும் சொன்னார்.

விடியப் பிள்ளை எழும்பித் தின்னப் பணிஸ் கேட்டாள். பரிமளம் அந்தக் கையோடு திரும்பி வந்து, லயம் முழுக்க வாசல் வாசலாக நின்று பொட்டலங்களைப் பிடுங்கினாள். "பிச்சைக்காரப் புத்தி" என்றார்கள் சிலர். "ஆமா, போடுங்க பிச்சை" என்று கையை நீட்டினாள்.

பிள்ளை அன்று பின்னேரமே வீடு வந்துவிட்டாள். அதற்கு அடுத்த நாள் வேலைக்காரர்கள் கூடும் பெரட்டுக்களத்தில், பால் வாளியோடு நின்ற சின்னம்மா இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பரிமளத்துக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று யார் சொன்னாலும் பொய். ஆனாலும் நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"பேசாட்டிப் போ. இன்னும் ரெண்டு வருசம் வேணும்னாலும் பேசாம இரு. ஒன் மக இன்னைக்குக் காலையில சுவரைத் தட்டி 'பெரியம்மா'ன்னு கூப்பிட்டா. அவ பேசுறா. எனக்கு அது போதும்."