பெட்டியைத் திருப்பலாம், நகர்த்தக் கூடாது

பாட்டுப் பெட்டியை விற்பது அரை வேலை. அதை எங்கே வைக்கக் கூடாது என்று வாங்கினவர்களிடம் சொல்லிவிட்டுத் திட்டு வாங்காமல் திரும்புவதுதான் மீதி வேலை. எங்கள் கடை மைசூர் சயாஜிராவ் ரோட்டில். ரேடியோ, கேசட், சி.டி., இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கின செட்டுகள் அப்போதுதான் வந்து குவிந்தன. வீடு முழுக்க ஒயர் இழுக்க வேண்டாம். பிளக்கைச் செருகினால் பாடும். நன்றாகப் பாடுமா என்பது வைக்கிற இடத்தைப் பொறுத்தது. அதைச் சொல்லத்தான் நான்.

பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள் நான். அம்மா நர்ஸ், ஊசி போடுகிற மாதிரியே பேசுவாள். "கடையில நிலைச்சா சரி ஸ்டெல்லா. துரத்தினா மறுநாளே டுடோரியல்" என்றாள். அல்ஜீப்ராவை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. ஆகவே கடையில் நிலைத்தே ஆக வேண்டும். டெலிவரி ஆட்டோ ஓட்டுகிற செல்வம் அண்ணன் பெட்டியைத் தூக்கி வருவார், நான் பாட வைப்பேன். பெண்பிள்ளை என்றால் பகலில் வீட்டுக்குள் விடுவார்கள் என்பது முதலாளியின் யோசனை. வாடிக்கையாளர் தப்பாகப் பேசும்போதும் பல்லைக் காட்டி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அந்தப் பல்லைக் காட்டுவதுதான் வராது.

ஸ்வெட்டர் போட்ட செட்

காந்திநகரில் ஓர் அக்கா. வாங்கின மறுவாரமே கடைக்கு போன்: "போர்வைக்குள்ளேருந்து பாடற மாதிரி இருக்கு." போய்ப் பார்த்தால் நிஜமாகவே போர்வைக்குள்ளேதான் பாடிக்கொண்டிருந்தது. ஊதாக் கம்பளி நூலில் அவரே பின்னின உறை. கைப்பிடிக்கு ஓர் ஓட்டை, பட்டன்களுக்கு ஒரு ஜன்னல், இரண்டு ஸ்பீக்கர் மேலும் தடித் தடியாக ரோஜாப்பூ. அதற்கும் கீழே கம்பெனியில் சுற்றின பாலிதீன் அப்படியே.

இரண்டையும் கழற்றினேன். மூலையிலிருந்து எடுத்து, சுவரை விட்டு ஒரு சாண் முன்னால் இழுத்து, உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டூல் மேல் வைத்தேன். வயலின் வயலினாகக் கேட்டது. அக்கா கண்ணை மூடித் தலையாட்டினார். நான் வாசலில் செருப்பைப் போடுவதற்குள் உறை மறுபடி ஏறிவிட்டது. "அக்கா, இப்பத்தானே கேட்டீங்க!" என்றேன். அவர் ரோஜாப்பூவை நீவிவிட்டபடி சொன்னார்: "பாட்டு எப்பவாவதுதான் கேக்கறோம். தூசி எப்பவும் விழுதில்ல?"

ஷோகேஸ் கைதி

என்.ஆர். மொஹல்லாவில் ஒரு சார், மில் சூப்பர்வைசர். செட்டை ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் வரிசை, பீங்கான் நாய். பாட்டில் மிருதங்கம் விழும்போதெல்லாம் டம்ளரும் சேர்ந்து வாசித்தது. "கதவைத் திறங்க, டம்ளரை எடுங்க" என்றேன். "புள்ளைங்க கை வைக்கும்" என்றார். "வெளியில இருந்து பார்க்கத்தான்னா காலி டப்பாவே போதுமே சார், சும்மாவே தந்திருப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் செட் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்தது. முதலாளிக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். "நின்ன கிவி சரியாகிதெ, பாயி சரியில்ல" என்றார். காது சரி, வாய்தான் சரியில்லையாம். பிறகு எனக்கு நன்றாகப் புரியட்டும் என்று அடுத்ததைத் தமிழிலேயே சொன்னார்: "இன்னொரு பெட்டி திரும்பி வந்தா, நாளையிலேருந்து நீ வர வேணாம்."

முருகேசனின் நல்ல சத்தம்

அடுத்தது மேட்டகள்ளியில் ஃபாக்டரி ஆட்கள் தங்குகிற ஒற்றை ரூம். முருகேசன் என்கிறவர் செட்டை மூலையில் தரையோடு வைத்து, அடிச்சத்தத்தைக் கூட்டுகிற பேஸ் பட்டனை முழுக்கத் திருகியிருந்தார். பாடுகிற ஆள் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது போல ஒரே திம் திம். இங்கே வாயைக் கட்டிக்கொண்டேன். செட்டைத் தூக்கி ஜன்னலோர மேஜையில் வைத்து, பேஸைக் குறைத்தேன். குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

முருகேசன் முகம் தொங்கிப்போனது. இதுவும் கடைக்குத் திரும்பிவிடுமோ என்று பயந்துபோனேன். "ஏன் அண்ணா, நல்லா இல்லையா?" என்றேன். "நல்லாத்தான் இருக்குங்க" என்று பெட்டியை மறுபடி மூலைக்குத் தூக்கிப்போனார். அது பக்கத்து ரூமை ஒட்டின மூலை. "அந்த ரூம்காரன் காலங்காத்தால நாலு மணிக்கு டார்ச்லைட்டு சைஸ்ல ஒரு ரேடியோவை அலற வெச்சு உசுரை வாங்கறான். நான் பாட்டுக் கேக்கவா இதை வாங்கினேன்?"

கொலுவுக்குள் ஒரு டேப்

தசராவுக்கு சரஸ்வதிபுரத்தில் ஒரு மாமி வீட்டிலிருந்து போன். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். போனிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டார்: "பாட்டே புரியலை. விஜயதசமி ஆன கையோட பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடறேன்." முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆட்டோவில் செல்வம் அண்ணன், "இன்னைக்கு நீ ஊமைன்னு நெனச்சுக்க கண்ணு" என்றார்.

கூடம் நிறையக் கொலு. உச்சிப் படியில் மரப்பாச்சி ராஜா ராணி. செட்டைக் காணோம். பாட்டு மட்டும் எங்கேயோ முனகியது. மாமி பெருமையாகப் படிக்குக் கீழே கை காட்டினார். படிகளுக்கு அடியில், வெள்ளை வேட்டி மூடின பொந்துக்குள் வைத்திருக்கிறார். பொம்மைகளே பாடுகிற மாதிரி இருக்கட்டும் என்று! முன்னால் துணி, தலைக்கு மேல் பலகை, பலகை மேல் அத்தனை மண்பொம்மை. சத்தம் எப்படி வெளியே வரும்? "வெளிய எடுத்துடலாம் மாமி" என்றேன். "எடுக்கறதாவது! கொலு வெச்சாச்சு. அதுக்கும் குங்குமம் இட்டாச்சு. விஜயதசமி வரைக்கும் ஒண்ணையும் நகர்த்தப்படாது."

என் வாயை என்னால் எவ்வளவு நேரம்தான் பிடித்துவைக்க முடியும்? "மாமி, அது டேப்ரிக்கார்டர். பொம்மை இல்ல" என்றேன். மாமி முகம் சிவந்துவிட்டது. செல்வம் அண்ணன் கூரையைப் பார்த்தார். எனக்கு அல்ஜீப்ரா ஞாபகம் வந்தது. சட்டென்று படிகளின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். கொலுவுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம். பின்பக்கம் துணியே இல்லை, திறந்து கிடந்தது. "நகர்த்தல மாமி. இருந்த இடத்துலயே சுவரைப் பார்த்துத் திருப்பினா போதும். சத்தம் சுவத்துல பட்டு மேல ஏறிக் கூடத்துக்கு வரும்."

"திருப்பறதும் நகர்த்தறதும் ஒண்ணுதான்" என்றார் மாமி. அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்த மாமா தலையை நீட்டினார். "போன வருஷம் செட்டியார் பொம்மை சுவரைப் பாத்துண்டு நின்னுது. ரெண்டாம் நாள் நீதானே திருப்பி நேரா வெச்சே?" மாமி மாமாவை முறைத்தார், ராஜா ராணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "இடம் மாறப்படாது, தெரிஞ்சுதா?" என்றார்.

தவழ்ந்து உள்ளே போனேன். இருந்த இடத்திலேயே செட்டைத் திருப்பி, பேஸைக் குறைத்து, முகம் கொஞ்சம் மேலே பார்க்கிற மாதிரி அடியில் ஒரு மடித்த துணி கொடுத்தேன். பட்டனைத் தட்டினதும் வீணை படிகளுக்குப் பின்னாலிருந்து எழும்பி, பொம்மைகளின் தலைக்கு மேலாகக் கூடம் முழுக்கப் பரவியது. தாம்பூலத்துக்கு வந்திருந்த ஒரு பெண்மணி, "எந்த பொம்மை பாடறது?" என்று கேட்டே விட்டார். மாமி சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள், கேசட் மாற்ற இனிமேல் தவழ வேண்டிய மாமா: "ஏன்டிம்மா, நான் வாயை வெச்சுண்டு சும்மா இருந்திருக்கலாமோ?"

விஜயதசமி முடிந்து

கொலு கலைத்த மறுநாள் மாமியிடமிருந்து போன். முதலாளி "ஹூம், ஹூம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெட்டி திரும்புகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். கவுண்டருக்கு அடியிலிருந்து என் டிபன் டப்பாவைக்கூட எடுத்துப் பையில் போட்டாயிற்று.

முதலாளி போனை வைத்தார். மாமி செட்டை எடுத்து மேஜை மேல் நேராக வைத்தாராம், கொலுவில் பாடின மாதிரி இல்லையாம். அதே கூடத்தில், அதே மாதிரி சுவரைப் பார்த்தே இருக்கட்டும், ஆனால் மாமா தவழக் கூடாது, அந்த வாயாடிப் பெண்ணை அனுப்புங்கள் என்றாராம். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். செல்வம் அண்ணன் ஆட்டோவைக் கிளப்பினார். படியிறங்கும்போது முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார்: "ஏய் ஸ்டெல்லா, காதை எடுத்துட்டுப் போ. வாயை இங்கயே வெச்சுட்டுப் போ."

நல்ல சத்தம் வர வேண்டுமானால் பெட்டியைத் திருப்புவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களைத் திருப்ப வேண்டும், அதுவும் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல்.